பேட் மாத்தியாச்சு, சரி. டிஸ்க்கை யார் பார்த்த?



கொஞ்சம் நீண்ட பதிவுதான். கார், வேன், ஆட்டோ, பைக் என்று எதிலாவது பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர்கள் ஒருமுறை முழுதாக வாசியுங்கள். நாங்கள் மெக்கானிக் இல்லை, வாத்திமார்தான். ஆனாலும் எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

போன பாடசாலை விடுமுறையில் நாங்கள் நான்கு ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து வேன் ஒன்று பிடித்துக் கண்டிக்குப் போனோம். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஆறு பேர். போகும்போது ஒரு குறையும் இல்லை. மறுநாள் லுஹரைத் தொழுதுவிட்டு ஊருக்குப் புறப்பட்டோம். திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய எல்லாம் தாண்டி மஹியங்கனைப் பக்கம் இறங்குகிற பதினெட்டு வளைவுக்கு வந்தோம். கிழக்கிலிருந்து கண்டிக்குப் போய் வருகிற நம்மவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நாலைந்து வளைவு இறங்கியிருப்போம். ஏதோ கருகுகிற மணம் வந்தது. பின்னால் இருந்த பெண்கள், "யாரோ குப்பை எரிக்கிறாங்க" என்றார்கள். அடுத்த வளைவில் டிரைவர் காக்காவின் முகம் மாறியது. பிரேக்கை ஒருமுறை மிதித்தார், இரண்டாம் முறை மிதித்தார், மூன்றாம் முறை பெடல் அடித்தட்டோடு போய் ஒட்டியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கியரை இரண்டுக்குத் தட்டி, பிறகு ஒன்றுக்குத் தட்டி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி ஒரு மண்மேட்டில் வேனை உரசி நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பிள்ளைகள் இறங்கி, இளைப்பாற நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்துக் குரங்கு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்கள் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

முன் சக்கரம் இரண்டிலும் புகை. எங்களில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு ஓடினார். டிரைவர் காக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். "ஊத்தாதீங்க சேர், சூட்டோட தண்ணி பட்டா டிஸ்க் வெடிச்சிரும்." அது சரியான பேச்சு. கொதிக்கிற வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழலாம். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். சூடு இறங்கியதும் பெடல் பழையபடி மேலே வந்துவிட்டது. "இப்ப சரி" என்று ஏறி, முதலாம் கியரிலேயே ஊர்ந்து இறங்கி ஊர் வந்து சேர்ந்தோம். இப்போது யோசித்தால் அதுவும் பிழைதான். பிள்ளைகளையாவது வேறு வாகனத்தில் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேர் டிரைவர் காக்காவோடு கராஜுக்குப் போனோம். மெக்கானிக் தம்பி முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சேர், பேட் நல்லாத்தான் இரிக்கி. பாதிக்கு மேல மிச்சம். இந்த டிஸ்க்க ஒருக்கா தடவிப் பாருங்க."

தடவினோம். வெளி விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு வரம்பு. உள்ளே முழுதும் தேய்ந்து பள்ளம். டிஸ்க்கின் நடுக் கிண்ணத்தில் துருவைச் சுரண்டிக் காட்டினார். அங்கே குறைந்தபட்சத் தடிப்பு இவ்வளவு என்று கம்பனியே பொறித்துவிட்டிருந்தது: 20 மில்லிமீற்றர். தேய்ந்த இடத்தை அளந்தால் 18ஐச் சற்றுத் தாண்டியது. பிறகு பிரேக் ஒயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒயில் பால் ஊற்றாத கோப்பி நிறத்தில் இருந்தது.

டிரைவர் காக்கா தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். "இந்த டிஸ்க்கில மூணு தரம் பேட் மாத்திட்டன் சேர். போன தரமே டிஸ்க்கும் மாத்தணும் எண்டு சொன்னாங்க. சல்லி இல்ல. அடுத்த தரம் பாப்பம் எண்டு வந்துட்டன்."

எங்களுக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபம் நீண்ட நேரம் நிற்கவில்லை. ஏனென்றால் அந்த வேனை வாடகைக்குப் பேசும்போது மூன்று நாள் விலை பேசி, இன்னொருவர் குறைவாக வருகிறார் என்று சொல்லி, கடைசியில் அவர் கேட்டதில் நாலாயிரம் ரூபாயைக் குறைத்தவர்கள் நாங்கள்தான். வேனில் ஏசி இருக்கிறதா என்று கேட்டோம். சீட் சாயுமா என்று கேட்டோம். டிவி இருக்கிறதா என்றுகூட ஒருவர் கேட்டார். பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அதனால்தான் இந்தப் பதிவு. பிரேக் பேட்டையும் டிஸ்க்கையும் எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு எம்மில் பெரும்பாலானோரிடம் மூன்று பதில்கள் உண்டு. மூன்றும் எம்மை ஏமாற்றக்கூடியவை.

முதல் பதில்: "சத்தம் வந்தா மாத்துவம்." பல பேட்களில் ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து முடியப் போகும்போது அது டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாப் பேட்டிலும் அது இல்லை. இருந்தாலும் அது பேட்டைப் பற்றி மட்டும்தான் பேசும். டிஸ்க் மெலிந்தாலும் ஒயில் பழுதானாலும் அது வாயே திறக்காது. எங்கள் வேனில் ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாவது பதில்: "இத்தனை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா." அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு நேர்வீதியில் ஓடிய ஆயிரம் கிலோமீற்றரும், பதுளை, பண்டாரவளை, நுவரெலியா என்று மலையில் ஓடிய ஆயிரம் கிலோமீற்றரும் ஒன்றா? ஒரு சீட்டில் ஒருவர் போவதும், பதினான்கு பேர் பொதியோடு போவதும் ஒன்றா? கிலோமீற்றர் கணக்கு நீங்கள் எவ்வளவு தூரம் போனீர்கள் என்று சொல்லும். பிரேக் எவ்வளவு சூடு தின்றது என்று சொல்லாது.

மூன்றாவது பதில்: "இன்னும் பிடிக்குதுதானே." இதுதான் மிக ஆபத்தானது. எங்கள் வேனும் ஊருக்குள் நன்றாகத்தான் பிடித்தது. கண்டி வரைக்கும் பிடித்தது. சந்தைச் சந்தியில் பிடிப்பதை வைத்துப் பதினெட்டு வளைவில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஏன் என்பதைத் தரம் 11 பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கில் பார்ப்போம். வாகனத்தை நிறுத்துவது என்றால் அதன் சக்தியை வெப்பமாக மாற்றுவது. சக்தி அழியாது, இடம்தான் மாறும். 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வேனை ஒருமுறை நிறுத்தினால் அதன் இயக்க சக்தி முழுவதும் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சூடாகிறது. சரி. அதே வேன் 500 மீற்றர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அழுத்த சக்தியைக் கணக்கிட்டால், 60இல் வருகிற வேனை ஏறக்குறைய 35 தரம் நிறுத்துவதற்குச் சமன். திணிவு இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போவதால் எந்த வாகனத்துக்கும் இதே கணக்குத்தான். எஞ்சின் பிடிக்காவிட்டால் அந்தச் சூட்டில் பெரும்பகுதியைப் பிரேக்தான் தாங்க வேண்டும். நடுவில் ஆறுவதற்கு நேரமும் இல்லை.

அந்தச் சூட்டை வாங்கி வைத்துக் காற்றில் விடுவது டிஸ்க்கின் வேலை. இரும்பு குறைந்தால் அதே சூட்டுக்கு வெப்பநிலை கூடுதலாக ஏறும். ஒரு கோப்பைத் தண்ணீர் ஒரு பானைத் தண்ணீரைவிடச் சீக்கிரம் கொதிக்கிற மாதிரி. காற்றுப் போகிற இடைவெளி வைத்த டிஸ்க் என்றால் இரண்டு பக்கமும் உள்ள தகடுகள்தான் தேய்கின்றன, அவை முதலே தடிப்பில்லாதவை. ஆக, 22 மில்லிமீற்றர் டிஸ்க் 18 ஆனால், "நாலுதானே குறைஞ்சிருக்கு" என்று சொல்ல முடியாது. அந்த நாலும் சூடு தாங்குகிற முகத்திலிருந்து போனது.

அந்தச் சூடு கெலிப்பர் வழியாக ஒயிலுக்குப் போகிறது. பிரேக் ஒயிலுக்கு ஒரு குணம் உண்டு, அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகை. டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறியதும் 155. பழைய ஒயில் சூட்டில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் நீங்கள் மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போகாமல் குமிழை அமுக்குவதிலேயே முடிந்துவிடுகிறது. பெடல் அடித்தட்டில் ஒட்டியதற்கும், சூடு ஆறியதும் திரும்பி வந்ததற்கும் காரணம் இதுதான். கடலோர ஊர்களில் இருக்கிற எமக்கு ஈரத்துக்குப் பஞ்சமா? பார்க்கக் கறுக்காவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றிவிடுவது நல்லது.

சரி, அப்படியானால் எப்படித் தீர்மானிப்பது? அளந்து தீர்மானிப்பது. அவ்வளவுதான்.

பேட்: இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேய்கிற பகுதியை மட்டும் பாருங்கள். கார், வேன் பேட்களில் அது புதிதில் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 3க்கு வந்தால் மாற்றுங்கள். மலைப் பயணம் ஒன்று இருக்கிறதென்றால் 4இலேயே மாற்றுவது புத்தி. உள்பக்கப் பேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் நன்றாக இருந்து உள்பக்கம் தகடு வரை தேய்ந்த வாகனங்களைக் கராஜ்களில் காணலாம். அப்படி ஒருபக்கம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் கெலிப்பர் வழுக்குகிற ஊசி இறுகிவிட்டது என்று அர்த்தம். அதைத் துப்புரவாக்கிக் கிறீஸ் போடாமல் புதுப் பேட் போட்டால் புதுப் பேட்டும் அப்படித்தான் போகும்.

டிஸ்க்: பொறித்திருக்கிற இலக்கத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே போனால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். அளக்கும்போது விளிம்பு வரம்பின்மேல் கருவியை வைத்தால் பொய்க்கணக்குத்தான் வரும், தேய்ந்த இடத்தில் அளக்க வேண்டும். எல்லைக்கு அரை மில்லிமீற்றர்தான் மிச்சம் என்றால் புதுப் பேட் ஒரு சோடி முழுதாகத் தேயும் வரை அது தாங்காது. எனவே பேட்டோடு சேர்த்தே மாற்றுங்கள். லேத்தில் சீவி எடுப்பதும் இதே கணக்குத்தான். சீவிய பிறகும் எல்லைக்கு மேலே நிற்குமென்றால் சீவலாம், இல்லாவிட்டால் வேண்டாம். விளிம்பு வரை ஓடுகிற வெடிப்பு இருந்தால் தடிப்பு எவ்வளவு இருந்தாலும் அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது.

டிரம்: பல சிறிய கார்களின் பின்சக்கரத்திலும் எமது ஆட்டோக்களிலும் டிரம்தான். டிரம் தேயும்போது அகலம் கூடும். அதனால் அதில் ஆகக்கூடிய விட்டத்தைப் பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் கழற்றிப் பார்த்தால்தான் லைனரின் நிலை சரியாகத் தெரியும். டிரம் பிரேக் உள்ள பல பைக்குகளில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது அது எல்லைக்கோட்டைத் தொட்டால் லைனர் முடிந்தது.

பைக்கின் முன் டிஸ்க்: பேட்டின் நடுவே ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். கோடு மறைந்தால் பேட் முடிந்தது. பைக் டிஸ்க் முதலே மெல்லியது. அரை மில்லிமீற்றர் தேய்வதே அதற்குப் பெரிய தேய்வு. அதிலும் இலக்கம் பொறித்திருக்கும்.

எதை மாற்றினாலும் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சோடியாக மாற்றுங்கள். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் அவசரத்தில் மிதிக்கும்போது வாகனம் ஒருபக்கமாக இழுக்கும். புதுப் பேட் போட்ட அன்றே மலையேற வேண்டாம். ஆளில்லாத வீதியில் 50இலிருந்து 10 வரை மெதுவாக வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், நடுவில் கொஞ்சம் ஆறவிட்டு, எட்டுப் பத்துத் தரம் செய்யுங்கள். பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும்.

இனி எமது தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம், நீங்கள் எங்களிடம் படித்த பிள்ளைகள்தான். டேர்போ பூட்டிய காரும், சத்தம் கூட்டிய சைலன்சரும், பெரிய அலோய் வீலும் உங்களுக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி நாலு மடங்காகிறது. 50இல் நிறுத்துவதற்குப் போதுமாக இருந்த பேட் 100இலும் போதும் என்று நினைப்பது கணக்குத் தெரியாத பேச்சு. எஞ்சினுக்குச் சல்லி போட்டுவிட்டு பிரேக்கைக் கம்பனி போட்டபடியே, அதுவும் தேய்ந்தபடியே விடுவது எந்த நியாயம்?

துளை போட்ட டிஸ்க் அழகுதான். ஆனால் மலிவான வார்ப்பில் துளைத்த டிஸ்க் கடும் சூட்டில் துளைக்குத் துளை வெடிக்கும். துளையிலிருந்து துளைக்கு ஒரு கோடு ஓடியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டப்பந்தயத்துக்குச் செய்த பேட்டை ஊர்க் காருக்குப் போடுவதும் புத்தியில்லை. அவை சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது அவை குளிரில் வழுக்கும். பல பேட்களின் முதுகில் அல்லது ஓரத்தில் குறியீட்டின் கடைசியில் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது கடும் சூட்டில் உள்ள பிடிப்பு. இஇ என்பதைவிட எஃப்எஃப் கூடப் பிடிக்கும், அதைவிட ஜிஜி. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தால் சூட்டில் அந்தப் பேட் தளரும் என்று விளங்கிக்கொள்ளுங்கள். கடையில் பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்காமல் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் உடனே "டிஸ்க் வளைஞ்சிட்டு" என்பார்கள். பெரும்பாலும் அது வளைவு இல்லை. டிஸ்க் எல்லா இடமும் ஒரே தடிப்பாகத் தேயாததாலோ, சூடேறிய பேட்டின் பொருள் ஓரிடத்தில் ஒட்டிப் படிந்ததாலோ வருவது. எப்படியோ, நடுக்கம் ஒரு செய்தி. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி அதை மறைக்க வேண்டாம்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. உங்கள் வாகனத்தில் வேகம் குறையும்போது மோட்டார் சக்தியைப் பெட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதனால் பேட் அவ்வளவாகத் தேயாது. நல்லது. ஆனால் வேலை செய்யாத டிஸ்க்கில் கடற்காற்றின் துரு ஏறும், கெலிப்பர் ஊசி இறுகும். "பேட் புதுசு மாதிரி இரிக்கி" என்று ஏமாற வேண்டாம். வருடம் ஒருமுறை கழற்றித் துப்புரவாக்குங்கள்.

நாட்டு நிலைமையையும் சொல்லத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது, அதுவும் எம் போன்றவர்களின் கைக்கு எட்டாத வரியோடு. ஆகவே எமது வீதிகளில் ஓடுபவை பழைய வாகனங்கள். இன்னும் பல வருடம் இவற்றைத்தான் ஓட்டப் போகிறோம். வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம், காப்புறுதி கட்டுகிறோம், வரிப்பத்திரம் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். அந்தப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கிறது. எமது சொந்தக் காரின் டிஸ்க் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எம்மில் சிலர் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டோம். இறக்கம் வந்தால் நியூட்ரலில் விடுவது. அதை இன்றே விட்டுவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லொறிக்காரர்கள் சொன்னது சும்மா இல்லை. எஞ்சின் பிடிக்கிற பிடி பிரேக்கின் சூட்டைப் பங்குபோடுகிறது. ஓட்டோ கியர் என்றால் 2 அல்லது எல், பல ஹைபிரிட்டில் பி என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினால் பிரேக்குக்கு உதவுகிற வெற்றிட அமுக்கமும் போய்விடும், பெடல் கல்லாகிவிடும்.

இனி எங்களிடம் நேரில் சொல்லப்பட்ட மறுப்புகள்.

"சேர், சல்லி?" உண்மையான கேள்வி. ஒரு சோடி டிஸ்க்கின் விலை ஒரு சாதாரண குடும்பத்துக்குப் பெரிய செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் சீட் உறைக்கும் பாட்டுச் செட்டுக்கும் கிடைத்த சல்லி டிஸ்க்குக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் பிரச்சினை சல்லியில் இல்லை. தேய்ந்து வரம்பு விழுந்த டிஸ்க் புதுப் பேட்டையும் சீக்கிரம் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

"கராஜ்காரன் வீணா மாத்தச் சொல்றான்." இருக்கலாம். எல்லாத் தொழிலிலும் அப்படி ஆட்கள் உண்டு, எங்கள் தொழிலிலும் உண்டு. அதற்காகத்தான் அளக்கச் சொல்கிறோம். "தம்பி, எத்தனை இரிக்கி, எல்லை எத்தனை?" என்று இரண்டு இலக்கத்தைக் கேளுங்கள். எல்லை 20, இருப்பது 21.5 என்றால் பேட்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வாருங்கள். ஒவ்வொரு தடவையும் டிஸ்க் மாற்ற வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மாற்ற வேண்டியதை மாற்றச் சொல்கிற அதே இலக்கம், வேண்டாததை மாற்றாமலும் காப்பாற்றும். இலக்கம் சொல்லத் தெரியாத கராஜ் என்றால் கராஜை மாற்றுங்கள்.

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்." இதைச் சொல்பவர்களோடு வாதாட எங்களுக்கு விருப்பமில்லை. கத்ரை நம்புகிறவர்கள்தான் நாங்களும். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதைச் சின்ன மத்ரசாவிலேயே படித்தோம். கயிற்றை அறுந்தபடி விட்டுவிட்டு ஒட்டகம் போனதும் நாட்டம் என்று சொல்வது எமது அலட்சியத்தை அவன்மேல் போடுவது. பின்சீட்டில் இருக்கிற பிள்ளை எமக்குத் தரப்பட்ட அமானிதம். அந்தப் பிள்ளைக்கு டிஸ்க்கும் தெரியாது, பேட்டும் தெரியாது. வாப்பா பார்த்துக்கொள்வார் என்று நம்பித் தூங்குகிறது.

கடைசியாக, பெற்றோர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலை வேன்காரரிடம் மாதம் முந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். அவரும் எங்கேயாவது குறைத்தாக வேண்டும். டீசலைக் குறைக்க முடியாது, டயர் வெளியில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடம் பிரேக்தான். நாம் வெட்டிய முந்நூறு ரூபாய் கடைசியில் எங்கே வெட்டுப்படுகிறது என்று யோசித்தோமா?

ஆகவே நாங்கள் இப்படிச் செய்யத் தீர்மானித்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் போகிற வேனுக்கு ஒவ்வொரு தவணை தொடக்கத்திலும் பெற்றோர் சேர்ந்து பிரேக்கைக் கழற்றிப் பார்க்கிற கூலியைக் கொடுப்போம். பேட் எத்தனை, டிஸ்க் எத்தனை, டிரம் எத்தனை, ஒயில் மாற்றிய திகதி என்ன என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வேனிலேயே வைப்போம். டிஸ்க் எல்லைக்கு வந்துவிட்டால் அவரைத் தனியே விடாமல் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாற்றுவோம், அவர் மாதக் காசில் மெல்லக் கழிக்கட்டும். வேன்காரரைச் சந்தேகிக்கிறோம் என்று இல்லை. சுமையைப் பங்குபோடுகிறோம்.

அந்த டிரைவர் காக்காவுக்கும் அப்படித்தான் செய்தோம். அன்று பேரம் பேசிக் குறைத்த நாலாயிரத்தையும் அதோடு இன்னும் கொஞ்சத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார். "என்ட பிழை சேர்" என்றார். எங்கள் பிழையும்தான் காக்கா என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தோம். இரண்டு பக்கமும் புது டிஸ்க், புதுப் பேட், புது ஒயில். பழைய டிஸ்க் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாடசாலைக்குக் கொண்டுவந்தோம். இப்போது அது விஞ்ஞான கூடத்து மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் அதன் வரம்பைத் தடவிப் பார்க்கிறார்கள், பொறித்த இலக்கத்தை வாசிக்கிறார்கள், வேணியர் இடுக்கிமானியால் அளக்கிறார்கள்.

போன கிழமை ஒரு பிள்ளை அளந்துவிட்டுக் கேட்டது: "சேர், எங்கட வாப்பாட வேன்ல எத்தனை இரிக்கும்?"

அதை வாப்பாவிடம் கேள் மகன் என்று சொல்லி அனுப்பினோம். இன்றிரவு உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டால் பதில் சொல்வதற்குத் தயாராக இருங்கள்.

பிரயோசனம் என்று நினைத்தால் வேன் ஓட்டுகிற, பைக் ஓட்டுகிற உறவுகளுக்கு அனுப்பிவையுங்கள். வஸ்ஸலாம்.